பெட்டியோடு வந்தவர்களும் பெட்டியோடு போனவர்களும்

நூற்றாண்டு மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை எழுதித் தரும்படி மலர்க்குழுவினர் கேட்டபோது எங்களுக்கு முதலில் நினைவுக்கு வந்தது ஊர்காவற்றுறை இறங்குதுறையில் இருந்த ஒரு றங்குப்பெட்டிதான். எழுவைதீவிலிருந்து உடுவில் விடுதிக்கு வந்த நாங்கள் இருவரும் அந்தப் பெட்டியின் மேல் இருந்துகொண்டுதான் யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸுக்காகக் காத்திருந்தோம். வயது பத்து. பெட்டிக்குள் உடுப்பு, போர்வை, ஒரு போத்தல் நல்லெண்ணெய், சீலைத்துண்டில் சுற்றிய பினாட்டு. வள்ளம் திரும்பிப் போகும்போது அம்மா எங்களைப் பார்க்காமல் கடலையே பார்த்துக்கொண்டு போனார். அது ஏன் என்று விளங்க எங்களுக்கு நெடுங்காலம் ஆயிற்று.

பாடசாலையின் வரலாறு உங்கள் எல்லோருக்கும் தெரியும். 1824இல் ஆரம்பம், வின்ஸ்லோ அம்மையார், ஸ்போல்டிங் தம்பதியர், அக்னியூ அம்மையார், ஹௌலண்ட் அம்மையார், புக்வோல்டர் அம்மையார் என்று பரிசளிப்பு விழாக்களில் கேட்டுக் கேட்டு மனப்பாடமான வரிசை அது. அந்த வரிசையை ஒப்புவிக்க இம்மலரில் வேறு கட்டுரைகள் இருக்கும். அந்தப் பெயர்களுக்கு உரியவர்கள் எப்படி எழும்பினார்கள், என்ன சாப்பிட்டார்கள், நோய் வந்தால் என்ன செய்தார்கள், தங்கள் பிள்ளைகளை என்ன செய்தார்கள் என்பதையே நாங்கள் எழுத விரும்புகிறோம். ஆரம்பத்தில் வீடும் பாடசாலையும் ஒரே வளவு, ஒரே கிணறு. அந்த வீட்டின் ஒழுங்குதான் பிறகு நமது விடுதியின் ஒழுங்காயிற்று.

அமெரிக்க மிஷனைச் சேர்ந்த முதல் குழு 1815 ஒக்டோபர் 23ஆம் திகதி நியூபரிபோர்ட் துறையிலிருந்து 'டிரையட்' என்ற பாய்க்கப்பலில் புறப்பட்டு, 1816 மார்ச் 22ஆம் திகதி கொழும்பில் இறங்கியது. சரியாக ஐந்து மாதம். அவர்களில் டானியல் பூவரும் எட்வேட் வொரனும் தெல்லிப்பழையிலும், பெஞ்சமின் மெய்க்ஸும் ஜேம்ஸ் ரிச்சட்ஸும் வட்டுக்கோட்டையிலும் குடியேறினார்கள். குடியேறினார்கள் என்று எழுதுவது சுலபம். அவர்களுக்குக் கிடைத்தவை போர்த்துக்கேயர் கட்டி, ஒல்லாந்தர் ஆண்டு, பிறகு எவரும் பராமரிக்காமல் விட்ட தேவாலயங்களின் சுவர்கள். அவற்றின்மேல் பனையோலை வேய்ந்து அதற்குள் சட்டிபானை வைத்துக் குடித்தனம் தொடங்கினார்கள். இரண்டாவது குழு 1819இல் பொஸ்ரன் துறையிலிருந்து வந்தது. மைரன் வின்ஸ்லோ, லீவை ஸ்போல்டிங், ஹென்றி வூட்வேட், வைத்தியர் ஜோன் ஸ்கடர் ஆகிய நால்வரும் அவர்களது மனைவியரும். இவர்களில் வின்ஸ்லோவும் ஸ்போல்டிங்கும் 1820இல் உடுவிலுக்கு வந்தார்கள். அடுத்த ஆண்டே ஸ்போல்டிங் குடும்பம் மானிப்பாய்க்குப் போக, வின்ஸ்லோ குடும்பம் உடுவிலில் தனித்தது.

அவர்களது நாளாந்த வாழ்வை விளங்கிக்கொள்ள இன்னொரு விஷயமும் வேண்டும். தேசாதிபதி பார்ன்ஸின் காலத்தில் அமெரிக்கர் புதிதாக வர அரசு அனுமதிக்கவில்லை. அச்சுத்தொழில் தெரிந்த ஒருவர் 1820இல் வந்து இறங்கியபோது இலங்கையை விட்டுப் போகும்படி கட்டளையாயிற்று. அந்தத் தடை 1833 வரை நீடித்தது. ஆகவே 13 ஆண்டுகள், வந்தவர்கள் வந்தவர்கள்தான். ஒருவர் இறந்தால் அவர் வேலை அடுத்த வீட்டார் தலையில். ஒரு தாய் படுத்தால் அவளது பிள்ளைகளும் விடுதிப் பிள்ளைகளும் அடுத்த ஊர்த் தாயின் பொறுப்பில்.

விடுதி எப்படித் தொடங்கியது என்பதற்கு நமக்கெல்லாம் சொல்லப்பட்ட கதை ஒன்று உண்டு. அயலிலிருந்த இரண்டு சிறுமிகள் மிஷன் வீட்டுக்கு வந்துபோய்க்கொண்டிருந்தார்கள். ஒருநாள் பின்னேரம் பெருமழை பிடித்துக்கொண்டது. வீட்டுக்குப் போக வழியில்லை. பசித்து அழுத பிள்ளைகளுக்குப் பாணும் வாழைப்பழமும் கொடுக்கப்பட்டன. இளையவள் சாப்பிட்டாள், மூத்தவள் தொடமாட்டேன் என்றாள். தேடிவந்த தகப்பனுக்குத் தன் பிள்ளை அன்னியர் வீட்டில் சாப்பிட்டது பெரிய கோபம். இனி இவளை யார் எடுப்பார்கள் என்ற பேச்சிலிருந்துதான், அப்படியானால் எங்களிடமே விட்டுவிடுங்கள், படிப்பித்துத் தருகிறோம் என்ற பேச்சு வந்ததாம். கதை வாய்க்கு வாய் மாறியிருக்கலாம். ஆனால் யாழ்ப்பாணத்தை அறிந்தவர்களுக்கு அதன் சாரம் பொய்யாகப் படாது. நமது ஊரில் எந்த வீட்டில் சாப்பிடலாம், எந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது என்பதுதானே எல்லாவற்றையும் தீர்மானித்தது. வட்டுக்கோட்டையில் ஆண்பிள்ளைகள் மிஷன் வளவுக்குள் சமைத்ததைச் சாப்பிட மறுத்தபடியால் சமையலறையை அயல் வளவில் வைக்க நேர்ந்தது. துரைமார் அதற்கு இணங்கினார்கள். மனம் ஒப்பி அல்ல, வேறு வழியின்றி.

பெண்பிள்ளைகளை விடுவதற்கு இன்னொரு தடை இருந்தது. படித்தால் கலியாணம் ஆகாது. பெண்ணுக்குச் சீதனம் கொடுத்தே ஆகவேண்டிய ஊரில், படித்த பெண்ணுக்கு இரட்டைச் சீதனம் கேட்பார்களோ என்ற பயம் நியாயமானதுதான். மிஷன் ஒரு தந்திரம் செய்தது. படிப்பு முடியும்வரை பிள்ளையை எடுத்துக்கொண்டு போகாமல் விட்டால், கலியாணத்தின்போது மிஷனே ஒரு சிறு சீதனம் தரும் என்றது. சீதனத்தை ஒழிக்க வேண்டியவர்கள் சீதனம் கொடுத்தார்களே என்று இன்று குறை சொல்லலாம். பிள்ளையை வகுப்பில் இருத்தி வைக்க அதைவிட வலிய கயிறு அன்று யாழ்ப்பாணத்தில் இருக்கவில்லை என்றுதான் நாங்கள் நினைக்கிறோம்.

இனி ஒரு நாள். ஹரியற் வின்ஸ்லோ அம்மையாரின் கடிதங்களையும் நாட்குறிப்பையும் தொகுத்து அவர் கணவர் 1835இல் ஒரு நூலாக வெளியிட்டார். அந்தக் காலத்து மிஷன் குடும்பங்கள் எழுதிய மற்றக் கடிதங்களும் ஏறக்குறைய இதே நாளைத்தான் காட்டுகின்றன. வெயில் ஏறுமுன் எழும்புவது. வீட்டார், வேலைக்காரர், விடுதிப் பிள்ளைகள் எல்லோரும் கூடித் தமிழில் ஜெபம். பிறகு வகுப்பு: வாசிப்பு, எழுத்து, கணக்கு, வேதபாடம், தையல். முதலில் மணலில் விரலால் எழுதுவது, பிறகு ஓலையில் எழுத்தாணியால். பிள்ளைகள் பாயில் படுத்து, நிலத்தில் இருந்து, கையால் சோறும் கறியும் சாப்பிட்டார்கள். அதை மாற்ற வேண்டாம், படித்துவிட்டுத் தங்கள் ஊர் வீடுகளுக்குப் போய் வாழவேண்டிய பிள்ளைகள் என்பது மிஷனின் முடிவு. இடையில் வீட்டைப் பார்க்க வரும் பெண்கள். வெள்ளைக்காரி எப்படி இருப்பாள், கதிரை எப்படி இருக்கும், அவள் பெற்ற பிள்ளை என்ன நிறம் என்று பார்க்கத்தான் வந்தார்கள். அவர்களோடு பேசுவதும் அம்மையாரின் வேலை. பின்னேரங்களில் ஊர்ப் பள்ளிக்கூடங்களைப் பார்வையிடுவது. இரவில் விளக்கு வெளிச்சத்தில் தமிழ். அந்தத் தமிழ்தான் பின்னாளில் மைரன் வின்ஸ்லோவின் கையில் 67,000க்கு மேற்பட்ட சொற்களுடன் 1862இல் சென்னையில் வெளிவந்த தமிழ் - ஆங்கில அகராதியாயிற்று. அந்த அகராதியின் வேர் உடுவில் வீட்டுத் திண்ணையிலும் இருக்கிறது என்று சொன்னால் அது பெருமைக்காகச் சொல்வதல்ல.

இந்த நாளுக்குள் வின்ஸ்லோ அம்மையார் தம் பிள்ளைகளைப் பெற்றார், வளர்த்தார், அவர்களில் சிலரைப் புதைத்தார். அமெரிக்கச் சங்கத்தின் பட்டியல்களில் மனைவியருக்குக் கொடுக்கப்பட்ட பதவி 'உதவி மிஷனரி' என்பது. 200 ஆண்டு நிலைத்து நிற்கும் ஒரு பாடசாலையைத் தொடங்கியவர் கடைசிவரை ஒரு உதவி.

அந்த வீட்டில் சமைத்தவர், தண்ணீர் அள்ளியவர், பிள்ளை தூக்கியவர், உடுப்பு வெளுத்தவர் ஆகியோரின் பெயர்கள் பெரும்பாலும் எங்கும் இல்லை. ஒருவர் செய்யும் வேலையை மற்றவர் செய்யமாட்டார் என்ற நமது சாதி ஒழுங்கினால் ஒரு மிஷன் வீட்டுக்கு நாலைந்து வேலைக்காரர் வேண்டியிருந்தது. அமெரிக்காவில் தம் கையாலேயே மாடு கறந்து ரொட்டி சுட்டு வளர்ந்த பெண்களுக்கு இது வெட்கமாக இருந்திருக்கிறது. ஊரிலுள்ள உறவினர் தவறாக நினைக்காதபடி விளக்கம் எழுதுவார்கள்.

பிள்ளைகளின் பெயர்களுக்கு வேறொரு கதை. அமெரிக்காவில் ஒரு சபையாரோ ஒரு அம்மையாரோ ஒரு பிள்ளையின் செலவை ஏற்றால், அவர்கள் சொல்லும் பெயர் அந்தப் பிள்ளைக்கு வைக்கப்படும். வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்த கறல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை ஆகியோரின் பெயர்களின் முன்பாதி வந்த விதம் அதுதான். ஆண்பிள்ளைகள் பெரியவர்களாகிப் பின்பாதியையும் சேர்த்துக் காப்பாற்றிக்கொண்டார்கள். நமது முதற் பிள்ளைகளில் ஒருத்தி பெற்சி பொமரோய் என்றே ஏடுகளில் இருக்கிறாள். உடுவிலில் பிறந்த அவளைத் தாய் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டிருப்பாள்? இதை வாசிக்கும்போது எங்களுக்கு ஒவ்வொரு முறையும் கோபம் வருகிறது. அந்தப் பெயருக்குப் பின்னால், தான் ஒருபோதும் காணப்போகாத ஒரு பிள்ளைக்காகத் தையல் கூலியில் மிச்சம் பிடித்த யாரோ ஒருத்தியும் இருந்திருப்பாள் என்ற நினைவு அடுத்ததாக வருகிறது. இரண்டும் சேர்ந்தேதான் வருகின்றன.

வைத்தியத் தொழிலில் இருக்கும் எங்களுக்கு இந்த வரலாற்றை வாசிப்பது சில இடங்களில் நோயாளர் பதிவேட்டைப் புரட்டுவது போலிருக்கும். முதற் குழுவில் வந்த வொரன் நோய்களுக்கு மருந்து கொடுத்தவர். அவரையே சயரோகம் பிடித்துக்கொண்டது. ரிச்சட்ஸுக்கும் அதே நோய். காற்று மாறினால் சுகம் வரும் என்று இருவரும் 1818இல் நன்னம்பிக்கை முனைக்குப் போனார்கள். வொரன் அங்கேயே இறந்தார். ரிச்சட்ஸ் திரும்பி வந்து 1822இல் தெல்லிப்பழையில் இறந்தார். பூவரின் மனைவி சூசன் 1821இல். ஸ்கடர் தம்பதியரின் முதற் குழந்தை கல்கத்தாவில் இறங்கிய சில நாட்களிலேயே போய்விட்டது. அந்தத் துக்கத்தோடுதான் அவர்கள் யாழ்ப்பாணத்துக்கு வந்து பண்டத்தரிப்பில் வைத்தியம் செய்யத் தொடங்கினார்கள். டானியல் பூவர் 1855இல் மானிப்பாயில் வாந்திபேதியால் இறந்தார். அந்நோய் தண்ணீரில் வருகிறது என்று லண்டனில் ஜோன் ஸ்னோ வாதாடிக்கொண்டிருந்த காலம் அது. உப்பும் சீனியும் கலந்த தண்ணீர் இன்று நமது எந்தக் கிராமத்துத் தாய்க்கும் தெரிந்த மருந்து. அது அவர்களில் எவர் கையிலும் இல்லை.

நமது ஸ்தாபகரான வின்ஸ்லோ அம்மையார் 1833 ஜனவரி 14ஆம் திகதி காலமானார். வயது 36.

அதற்கு முன்னர் நடந்த ஒரு விஷயத்துக்காகவே நாங்கள் இக்கட்டுரையை எழுதத் தொடங்கினோம். மிஷன் பிள்ளைகள் இங்கே தமிழ் பேசி வளர்ந்தன. ஆயாவின் மடியிலும் சமையலறைப் படியிலும் கற்ற தமிழ். பெற்றோருக்கு அதில் மகிழ்ச்சியும் பயமும். பிள்ளை அந்த மொழியோடு வேறு எதையெல்லாம் கற்றுக்கொள்கிறதோ என்ற பயம் அது. எனவே சிலர் தம் பிள்ளைகளை ஊர்ப்பிள்ளைகளோடு சேரவிடாமல் வளர்த்தார்கள். எட்டு, பத்து வயது வந்ததும் படிப்புக்காக அமெரிக்காவுக்குக் கப்பலேற்றினார்கள். வின்ஸ்லோ தம்பதியரின் மகன் சார்ள்ஸ் 1821 ஜனவரியில் இங்கே பிறந்தவன். அவனும் அப்படி அனுப்பப்பட்டான். 1832இல் அமெரிக்காவில் இறந்தான். வயது 11. அந்தச் செய்தி கப்பலேறி இங்கே வந்துசேர மாதக்கணக்காகும். அந்த மாதங்களில் உடுவில் வீட்டுக் காலை ஜெபத்தில் அவன் பெயர் உயிரோடிருப்பவனின் பெயராகவே சொல்லப்பட்டிருக்கும்.

இதை எங்களால் எளிதாகக் கடந்து போக முடியவில்லை. அதே வீட்டில், அதே ஆண்டுகளில், யாழ்ப்பாணத்துத் தாய்மாரிடம், உங்கள் பிள்ளையை எங்களிடம் விடுங்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். நமது பெண்பிள்ளைகளை உள்ளே எடுத்த கதவால் தங்கள் பிள்ளைகளை வெளியே அனுப்பினார்கள். நம் மக்களின் பழக்கவழக்கங்களிலிருந்து பிரித்தால்தான் பிள்ளை உருப்படும் என்பது இரண்டுக்கும் பொதுவான எண்ணம். எங்களைப் பற்றிய அந்த எண்ணத்தை நாங்கள் ஏற்கவில்லை. ஆனால் அதற்கான விலையை அவர்கள் நம்மிடம் மட்டும் கேட்கவில்லை, தாங்களும் கொடுத்தார்கள். அவர்களைக் கொடியவர்கள் என்றோ தியாகிகள் என்றோ ஒரு சொல்லில் முடித்துவிட முடியாமல் இருப்பது அதனால்தான்.

இது யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரியதல்ல. அதே சங்கம் ஹவாய்த் தீவுகளுக்கு அனுப்பிய குடும்பங்களுக்கும் இதே துயரம் இருந்தது. பிள்ளைகளைக் கப்பலேற்ற மனமில்லாமல் அவர்கள் 1841இல் அங்கேயே தம் பிள்ளைகளுக்கென்று புனஹோ பாடசாலையைத் தொடங்கினார்கள். தென்னிந்தியாவில் மிஷன் பிள்ளைகளுக்கென்று கொடைக்கானலில் ஒரு பாடசாலை எழ 1901 ஆயிற்று. இடைப்பட்ட காலத்துப் பிள்ளைகள் கடல் கடந்தார்கள். ஸ்கடர் தம்பதியரின் பண்டத்தரிப்புப் பிள்ளைகளும் அவ்வாறு போனவர்களே. அவர்களில் பலர் வளர்ந்து இந்தியாவுக்கே திரும்பி வந்தார்கள். அந்தக் குடும்பத்தின் பேத்தி ஐடா ஸ்கடர்தான் வேலூர் வைத்தியசாலையை உருவாக்கியவர். வின்ஸ்லோ அம்மையாருக்கு இலங்கையில் பிறந்த மகள் ஒருத்தியின் பேரன்தான் அமெரிக்க வெளியுறவு அமைச்சராயிருந்த ஜோன் பொஸ்ரர் டலஸ். வாஷிங்டனில் டலஸ் விமான நிலையத்தில் வந்திறங்கும் நமது பழைய மாணவியர், அந்தப் பெயருக்கும் உடுவிலுக்கும் இருக்கும் சம்பந்தத்தை இனிமேல் நினைத்துக்கொள்ளலாம்!

வின்ஸ்லோ அம்மையாருக்குப் பின் ஸ்போல்டிங் தம்பதியர் 1833இல் உடுவிலுக்கு வந்து, சாகும்வரை இங்கேயே இருந்தார்கள். லீவை ஸ்போல்டிங் 1873இலும் மேரி ஸ்போல்டிங் அடுத்த ஆண்டிலும் காலமானார்கள். மேரி அம்மையார் இந்த மண்ணில் வாழ்ந்தது 50 ஆண்டுகளுக்கு மேல். நமது பூட்டிமாருக்கு அவர் பேசியது வெள்ளைக்காரத் தமிழாகக் கேட்டிருக்காது என்றே நினைக்கிறோம்.

1840இல் எலைசா அக்னியூ வந்தபின் வீட்டின் அமைப்பே மாறியது. அவருக்குக் கணவர் இல்லை, பிள்ளை இல்லை. எட்டு வயதில் புவியியல் வகுப்பில் ஆசிரியர் உலகப்படத்தைக் காட்டி ஒரு மிஷனரிப் பெண்ணின் மரணத்தைப் பற்றிச் சொன்னபோதே போகவேண்டும் என்று முடிவு செய்தவர், பெற்றோர் இருக்கும்வரை அவர்களைப் பார்த்துவிட்டு 30 வயதுக்கு மேல் கப்பலேறினார். ஒரு தடவைகூட அமெரிக்காவுக்குத் திரும்பிப் போகவில்லை. ஏறக்குறைய 40 ஆண்டுகள் படிப்பித்தார். முதலில் படித்தவர்களின் மகள்மாரும் பேத்திமாரும் அவரிடம் படித்தார்கள். விடுமுறையில் அவர் போவது பழைய மாணவியரின் வீடுகளுக்கு. ஆயிரம் பெண்மக்களின் தாய் என்று அவருக்குப் பெயர். வாசிக்கும் நம்மில் பலரது குடும்பங்களில் ஒரு பாட்டியாவது அந்த ஆயிரத்தில் ஒருத்தியாயிருப்பார். 1883இல் மானிப்பாயில் லீச் சகோதரிகளின் வீட்டில் அவர் இறந்தார். அந்தச் சகோதரிகள் மேற்குநாடுகளில் திரட்டிய பணத்தில்தான் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமென்று இணுவிலில் மக்லியோட் வைத்தியசாலை 1898இல் திறக்கப்பட்டது. வைத்தியர் கிறீன் மானிப்பாயில் ஆண்களுக்குத் தமிழிலேயே மேல்நாட்டு வைத்தியம் கற்பித்து, பிரசவ வைத்தியத்துக்கும் இரண வைத்தியத்துக்கும் தமிழில் நூல் செய்து பல ஆண்டுகள் போனபிறகே பெண்ணுக்குப் பெண் வைத்தியர் என்ற நிலை வந்தது. எங்களில் வைத்தியரானவர்களுக்கு இது கொஞ்சம் உறுத்தும்.

அனுப்பப்பட்ட பிள்ளைகளில் ஒருத்தி திரும்பி வந்தாள். இங்கே 1846 முதல் பணியாற்றிய ஹௌலண்ட் தம்பதியரின் மகள் சூசன், அமெரிக்காவில் படித்து முடித்து இங்கே ஆசிரியராக வந்து, அக்னியூ அம்மையாருக்குப் பின் நமது பாடசாலையின் தலைவியானார். சிறுவயதில் இந்த மண்ணை விட்டுப் பெட்டியோடு போனவர், பெட்டியோடு வந்து இறங்கும் பிள்ளைகளை வாசலில் நின்று ஏற்றார்.

இனி எங்கள் தீவுக்கு வருவோம். ஒல்லாந்தர் யாழ்ப்பாணத் தீவுகளுக்குத் தங்கள் நாட்டு நகரங்களின் பெயரை வைத்தபோது எழுவைதீவுக்குக் கிடைத்தது ஹோர்ண் என்ற பெயர். டெல்ப்ற் மட்டும் நெடுந்தீவில் ஒட்டிக்கொண்டது, எங்களுடையது ஒட்டவில்லை. பனையும் கடலும் தவிர அதிகம் ஒன்றும் இல்லாத சிறிய தீவு. முருகன் கோயிலடியாரும் மாதா கோயிலடியாரும் ஒரே கிணற்றுத் தண்ணீரில் வாழ்ந்த இடம். அமெரிக்கக் குடும்பங்கள் தோணியேறித் தீவுகளைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார்களே தவிர, அங்கே குடியிருக்கவில்லை. தீவுகளில் குடியிருந்து படிப்பித்தவர்கள் தமிழர். வட்டுக்கோட்டையில் படித்த ஆசிரியர்கள், உபதேசிமார். யாழ்ப்பாணக் கல்லூரி மாணவர்கள் 1884இல் தொடங்கிய வாலிபர் கிறிஸ்தவ சங்கம் எழுவைதீவில் ஒரு பள்ளிக்கூடத்தை நடத்தியது.

மிஷனைச் சேர்ந்த தமிழ் ஆசிரியர்களும் உபதேசிமாரும் பெரும்பாலும் கலியாணம் செய்தது உடுவில் பெண்களை. மிஷன் சீதனம் கொடுத்ததன் நோக்கத்தில் அதுவும் ஒன்று. ஆகவே தீவுப் பள்ளிக்கூடத்துக்குப் போன குடும்பம் என்றால் அதில் நமது பழைய மாணவி ஒருத்தியும் இருப்பாள். உடுவிலின் செம்மண்ணும் வாழைத்தோட்டமும் பார்த்து வளர்ந்தவள் உவர்த்தண்ணீரில் சோறாக்கியிருப்பாள். கச்சான் காற்றுக் காலத்தில் தோணி ஓடாது. கடிதம் வராது, அரிசி வராது, மருத்துவிச்சி வரமாட்டாள். ஊராருக்கு அவள் வட்டுக்கோட்டைப் பக்கத்து அந்நியப் பெண். அவள் வீட்டைப் பார்க்கவும் பெண்கள் வந்து நின்றிருப்பார்கள். அவள் எப்படிச் சமைக்கிறாள், என்ன வாசிக்கிறாள் என்று பார்த்திருப்பார்கள். வின்ஸ்லோ அம்மையாருக்கு உடுவில் எப்படியோ, அப்படித்தான் அவளுக்கு எழுவைதீவு. அவளுடைய பிள்ளைகளுக்குப் படிக்கும் வயது வந்ததும் அவளும் ஒரு பெட்டியைக் கட்டித் தோணியில் ஏற்றியிருப்பாள், உடுவிலுக்கோ வட்டுக்கோட்டைக்கோ.

அவளுக்கு வந்த சம்பளம் பெரும்பாலும் வேறு பெண்களின் பானையிலிருந்து வந்தது. உலையில் அரிசி போடும்போது ஒரு பிடியை எடுத்து வேறாக வைப்பதும், சேர்ந்ததைக் கோயிலுக்குக் கொடுப்பதும் யாழ்ப்பாணக் கிறிஸ்தவப் பெண்களின் வழக்கமாயிருந்தது. பிடியரிசி என்று சொல்வார்கள். சைவ வீடுகளிலும் அந்த வழக்கம் வேறு தேவைகளுக்காக இருந்தது. எங்கள் அம்மம்மா முருகன் கோயில் அன்னதானத்துக்கென்று கடைசிவரை ஒரு முட்டியில் பிடியரிசி போட்டுவந்தவர்.

நாங்கள் உடுவிலுக்கு வந்து அடுத்த ஆண்டு, 1990இல், சண்டை மூண்டு தீவுப்பகுதிக்கும் குடாநாட்டுக்கும் இடையில் போக்குவரத்து அற்றுப்போனது. நாங்கள் இந்தப் பக்கம், அம்மாவும் அம்மம்மாவும் அந்தப் பக்கம். எழுவைதீவு கண்ணுக்குத் தெரியும் தூரம்தான். காரைநகர்க் கரையில் நின்றால் பனைமரம் தெரியும் என்பார்கள், ஆனால் அங்கேயும் போக முடியாது. செஞ்சிலுவைச் சங்கத்தின் மூலம் வரும் ஒற்றைத் தாள்தான் கடிதம். குடும்பச் செய்தி தவிர வேறு எதுவும் எழுதக்கூடாது. உறை இல்லை, எவரும் வாசிக்கலாம். முதற் கடிதம் எங்கள் கைக்கு வந்தபோது அதில் இருந்த திகதி மூன்று மாதம் பழையது. அம்மம்மா சுகம் என்று அதில் இருந்தது. அந்தக் கடிதம் எங்கள் கையில் இருந்த நாளில் அம்மம்மா இறந்து ஒரு மாதமாகியிருந்தது என்பதை அடுத்த கடிதத்தில் அறிந்தோம். இடையிலே எத்தனையோ காலை வணக்கங்களில் அவருக்குச் சுகம் வேண்டிக் கண்மூடி நின்றிருக்கிறோம். நாங்கள் கும்பிட்ட முருகனிடமும், பாடசாலையில் கேட்ட கடவுளிடமும், இருவரிடமும்தான்.

விடுதியில் அன்றைக்கு எங்களைப் போலப் பலர். விடுமுறை விட்டாலும் போக இடமில்லாதவர்களைத் தம் வீட்டுக்கு அழைத்துப்போய் வைத்திருந்த ஆசிரியர்கள் இருந்தார்கள். இரவில் கூந்தலைப் பின்னிவிட்ட அக்காமார் இருந்தார்கள். 1995 ஒக்டோபர் கடைசியில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, அந்த அக்காமாரில் ஒருத்தியின் குடும்பத்தோடுதான் நாங்கள் நடந்தோம். பெட்டியைக் கொண்டுபோக முடியவில்லை. கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

வின்ஸ்லோ அம்மையாரின் நூலை நாங்கள் முதன்முதலாக வாசித்தது பல ஆண்டுகளுக்குப் பிறகு, மருத்துவபீடம் முடித்து வேலைக்கு வந்த காலத்தில். சார்ள்ஸ் பற்றிய பக்கங்களோடு நூலை மூடி வைத்தோம். அமெரிக்க அம்மையார் ஒருவருக்காக அல்ல, வள்ளத்தில் கடலைப் பார்த்துக்கொண்டு திரும்பிப்போன எங்கள் அம்மாவுக்காகத்தான் அன்றைக்கு அழுகை வந்தது.

அண்மையில் கடமைக்காக எழுவைதீவுக்குப் போயிருந்தோம். இரத்த அழுத்தம் பார்க்க வந்த ஒரு தாய் எங்களை இன்னாரின் மகள் என்று அடையாளம் கண்டுகொண்டார். அவருடைய மகளும் இப்போது கடலுக்கு அந்தப் பக்கம் விடுதியில் இருந்து படிக்கிறாளாம்.

"வெள்ளிக்கிழமை வாறவள் டொக்டர், ஞாயிறு பின்னேரம் போயிடுவாள். ஒவ்வொரு இரவும் போன் எடுக்கிறவள்," என்றார். பிறகு கையை நீட்டி அழுத்தமானிப் பட்டியைக் கட்டவிட்டு, "எண்டாலும் ஞாயிற்றுக்கிழமை இறங்குதுறைக்கு நான் போறேல்லை. தேப்பன்தான் கொண்டுபோய் ஏத்திவிடுறது," என்றார்.

அழுத்தம் சற்றுக் கூடுதலாகத்தான் இருந்தது. ஒரு மாதம் கழித்து வரச் சொல்லி அட்டையில் திகதி எழுதிக் கொடுத்தோம்.